சங்கு ஊதாத மழை

சந்திரம்மாவை அந்தத் தெருவில் பதினைந்து பெண்கள் ஒரே நேரத்தில் வெறுக்கத் தொடங்கியது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஆவணி மாதத்தில். அதற்கு முன் பத்தொன்பது வருஷம் அவள் அவர்களுக்குக் களத்து மேஸ்திரியாக இருந்தாள். அவள் வைததெல்லாம் வாங்கிக்கொண்டு, அவள் வீட்டுக் கூழையும் வாங்கிக் குடித்தவர்கள்தான் எல்லோரும்.

கருங்குழி தாண்டி மதுராந்தகம் போகிற வழியில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, பக்தவத்சலத்தின் அரிசி மில் இருந்தது. நெல்லைத் தொட்டியில் ஊறப்போட்டு, அவித்து, ஆவி பறக்கப் பறக்கத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து சிமெண்ட் களத்தில் கொட்டுவார்கள். அதற்குப் பிறகு எல்லாம் பெண்களின் பாடு. பலகையால் தள்ளிப் பரப்ப வேண்டும். அரை மணிக்கு ஒருதரம் காலை இழுத்து இழுத்து நடந்து நெல்லைக் கிளற வேண்டும். பத்து மணிக்கு மேல் அந்தச் சிமெண்டில் கால் வைத்தால் புதிதாக வந்தவள் துள்ளுவாள்; பழையவளுக்கு உள்ளங்கால் பலகை மாதிரி ஆகியிருக்கும். மழை வந்தால் எல்லாவற்றையும் கூட்டி அம்பாரமாகக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். அவித்த நெல் நனைந்தால் மறுநாளே புளித்து நாறும். அரிசி மஞ்சளாகிவிடும். கோழிக்குத்தான் போட வேண்டும்.

களம் உண்டா இல்லையா என்று முன்பெல்லாம் மானேஜர் உலகநாதன்தான் சொல்வார். விடியும்போது தெருமுனைக்குச் சைக்கிளில் வந்து, ஒரு காலை ஊன்றி நின்று, "இன்னிக்கு இல்லம்மா, மப்பா கீது" என்பார். அவருடைய கணக்குப் பாதி நாள் தப்பும். ஆனால் அவரிடம் சண்டை போடலாம். "ஐயரு பஞ்சாங்கம் மாரி பேசாத நைனா, தோ பாரு வெயிலு" என்று நாலு பேர் சூழ்ந்துகொண்டால் தலையைச் சொறிந்துவிட்டு, "சரி வந்து தொலைங்க" என்பார்.

அந்த வருஷம் சித்திரையில் உலகநாதன் வேலையை விட்டு நின்றார். முதலாளியின் மகன் ஜெயக்குமார், பழைய மாமல்லபுரம் சாலையில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் மூன்று வருஷம் இருந்துவிட்டு, மில்லைப் பார்த்துக்கொள்வதாகத் திரும்பி வந்திருந்தான். ஆபீஸ் மாடியில் ஒரு வெள்ளைக் கம்பு நட்டான். அதன் உச்சியில் மூன்று கிண்ணம் சுழலும் காத்தாடி, பக்கத்தில் மழைத் தண்ணீர் விழ ஒரு புனல், ஈரத்தை அளக்க ஒரு டப்பா. கம்பிலிருந்து ஒயர் இறங்கி ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் போயிற்று. காற்று, ஈரம், மழை எல்லாவற்றையும் நிமிஷத்துக்கு நிமிஷம் கம்ப்யூட்டர் வாங்கி, அதுவே முடிவு பண்ணும். எத்தனை மூட்டை ஊறப்போட வேண்டும் என்று நெல் அவிக்கிற அவியல்காரர்களுக்குச் சீட்டு அடிக்கும். லாரிக்காரனுக்குச் சொல்லும். விடிகாலை ஐந்தரைக்குச் சந்திரம்மாவின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். மழை நெருங்கினால் யாரும் தொடாமலே மில் சங்கை ஊதும்.

கைப்பேசி மில் கொடுத்தது. செய்தி இங்கிலீஷ் எழுத்தில் வரும். சந்திரம்மாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் நீளமாக இருந்தால் 'களம் இல்லை', குட்டையாக இருந்தால் 'களம் உண்டு' என்று இரண்டே நாளில் பழகிக்கொண்டாள். படித்துக் காட்ட வீட்டிலேயே ஆள் இருந்தது. அவள் மகள் ஸ்ரீதேவி பி.சி.ஏ. முடித்திருந்தாள். அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள ஜெயக்குமார் அவளைத்தான் வேலைக்கு வைத்தான். களத்துக் கூலிக்காரியின் மகள் ஃபேனுக்குக் கீழே உட்காருகிறாள் என்று தெருவே அன்று சந்தோஷப்பட்டது. கண்ணகி என்கிற களத்துக்காரி அவளுக்குப் பூ வாங்கிக் கொடுத்தாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாசம் அந்தக் கம்பு சொன்னது தப்பவில்லை. வைகாசியில் ஒரு மதியம், வானம் பளிச்சென்று இருக்கும்போது சங்கு ஊதிற்று. பெண்கள் திட்டிக்கொண்டே குவித்து மூடிய பத்தாவது நிமிஷம் சடசடவென்று கொட்டியது. "பேய் மாரி சொல்லுதுடி" என்று சந்திரம்மாவே சொன்னாள்.

ஒரு விதி மட்டும் கூடவே வந்திருந்தது. மதியம் ஒரு மணிக்கு முன்னால் சங்கு ஊதிக் களத்தை மூடினால் அரை நாள் கூலி. அதையும் கம்ப்யூட்டரே பதிந்துவிடும். உலகநாதன் காலத்தில் மழை வந்தால் பெண்களைச் சாக்குத் தைக்க உட்கார வைத்து முழு நாளும் போடுவார். "அதெல்லாம் இனிமே இல்ல. சிஸ்டம் இன்னா சொல்லுதோ அதான்" என்றான் ஜெயக்குமார்.

ஆடி மாதம் ஏரிக்கரைக் குரங்குகள் மாடிக்கு வந்தன. கிண்ணத்தில் ஒன்றைப் பிடித்துத் தொங்கி ஊஞ்சல் ஆடின. டப்பாவைப் பிடுங்கிக் கடித்துவிட்டுத் தூக்கி எறிந்தன. அன்று களத்தில் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு செய்தி வழக்கம்போல வந்துகொண்டிருந்ததால் அதை மறந்துபோனார்கள்.

ஆவணி பிறந்ததும் சொர்ணவாரிப் பட்டத்து அறுவடை நெல் வரத் தொடங்கியது. தினம் முன்னூறு மூட்டை. வேலை தலைக்கு மேல் இருக்க வேண்டிய நேரம். ஆனால் வெயில் கொளுத்தும்போதே பதினோரு மணிக்குச் சங்கு ஊதிற்று. குவித்தார்கள், மூடினார்கள், காத்திருந்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை. அரை நாள். இரண்டு நாள் கழித்து மறுபடியும். அடுத்த வாரம் காலையிலேயே 'களம் இல்லை' என்று நீளச் செய்தி. வெளியே பல்லை இளித்துக்கொண்டு வெயில். தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த நெல்லை மதியத்துக்கு மேல் ஆண்களை விட்டுப் பரப்பிக்கொண்டார்கள். மில்லுக்கு நஷ்டம் கொஞ்சம்தான். பெண்களுக்குத்தான் வாரத்தில் மூன்று நாள் அரை வயிறு.

கம்ப்யூட்டரைத் திட்ட முடியாது. ஜெயக்குமார் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தான். கைக்கு எட்டியது கைப்பேசி வைத்திருந்த சந்திரம்மா. தெருக்குழாயில் அவள் குடம் வைத்தால் பேச்சு நின்றது. பிறகு அவள் காதுபடவே தொடங்கியது.

"பொண்ணு மேல ஒக்காந்துகினு சங்கு ஊதறா, ஆத்தா கீழ போனத் தூக்கிகினு வந்து நிக்கிறா. நல்ல குடும்பம்டி யம்மா" என்றாள் கண்ணகி. அவளுக்கு இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள்.

"எனக்கும் அரை நாள்தானேடி போடறாங்க?" என்றாள் சந்திரம்மா.

"ஒனக்கு இன்னாக்கா? வூட்ல மாசச் சம்பளம் வருது. நீ அரை நாள் வாங்கினா இன்னா, முழு நாள் வாங்கினா இன்னா?"

குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு சந்திரம்மா நடந்தாள். பின்னால் யாரோ காறித் துப்பினார்கள். தன்னை நோக்கித்தானா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரம் அவளும் ஒரு தப்புச் செய்தாள். கிழக்கே கருமேகம் திரண்டதைப் பார்த்துவிட்டு, சங்குக்குக் காத்திராமல் தானாகவே குவிக்கச் சொன்னாள். மேகம் கலைந்து போயிற்று. இரண்டு மணி நேர வெயில் வீண். ஜெயக்குமார் களத்து நடுவில் வந்து நின்று, பதினைந்து பேர் முன்னால் கத்தினான்.

"ஒன்ன யாரு வானம் பாக்கச் சொன்னது? லட்ச ரூவா போட்டு மெஷின் வெச்சிருக்கேன், நீ அண்ணாந்து பாத்து முடிவு பண்றியா? இனிமே சங்கு ஊதாம ஒருத்தி நெல்லுல கை வெச்சா, அன்னிக்கே கணக்கத் தீத்துனு போவணும். புரிதா?"

"புரிது சின்னவரே."

"சத்தமா சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்."

"சங்கு ஊதாம கை வெக்கமாட்டோம்" என்றாள் சந்திரம்மா. பெண்கள் யாரும் அவளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வயதில் பாதி இருப்பான் அவன்.

புரட்டாசி இரண்டாம் வாரம் லாரி டிரைவர் கருப்பன் அரிசி ஏற்ற வந்தான். கோவளம், மாமல்லபுரம் பக்கத்துக் கடைகளுக்குத் தினம் அரிசி கொண்டு போகிறவன். அன்றும் பதினோரு மணிக்குச் சங்கு ஊதி, களம் மூடி, பெண்கள் வெயிலில் சும்மா நின்றிருந்தார்கள்.

"இன்னா அண்ணாத்த, தார்ப்பாயெல்லாம் ஈரமா கீது?" என்று லாரியைப் பார்த்துச் சந்திரம்மா கேட்டாள்.

"மாபலிபுரத்துல காலைல இருந்து செம மய. போன செவ்வாக்கெயமையும் இதே மாரிதான் மாட்டிகினேன்."

போன செவ்வாய்க்கிழமையும் இங்கே அரை நாள். சந்திரம்மா மாடிக் கம்பை அண்ணாந்து பார்த்தாள். இரண்டு கிண்ணம் மட்டும் இருந்தது. காற்று வீசியும் அது சுழலவில்லை. டப்பா இருந்த இடத்தில் ஒயர் தொங்கியது.

சாயங்காலம் வீட்டில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் புருஷன் கண்ணாயிரம், மதுராந்தகத்தில் மூட்டை தூக்குகிறவன், கழுத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஸ்ரீதேவி வந்து செருப்பைக் கழற்றும்போதே சந்திரம்மா கேட்டாள்.

"கம்பு ஒடஞ்சி ரெண்டு மாசம் ஆவுது. மய வரும்னு ஒனக்கு எவன் சொல்றான்?"

ஸ்ரீதேவி கை கழுவப் போனாள். சந்திரம்மா பின்னாலேயே போனாள்.

"சொல்லுடி."

"இன்டர்நெட்ல இருந்து எடுக்கறோம்மா. கடக்கரை ஓரமா மய, காத்து அளக்கற ஸ்டேஷன் ஒண்ணு கீது. அதான் இருக்கறதுலயே கிட்ட. அங்க அளக்கறத லைவா போடுவாங்க. டப்பா ரிப்பேராகி வர வரைக்கும் அத்த வெச்சிக்கோன்னு சாரு சொன்னாரு."

"கடக்கரைல பேஞ்சா எங்களுக்கு அரை நாளா?"

"நான் சொன்னேம்மா, இது சரியா வராதுன்னு. 'பெரியவருக்குத் தெரியக்கூடாது, மெஷினு வாங்கறதுக்கே அவரு ஒத்துக்கல, ஒடஞ்சதுன்னு தெரிஞ்சா என்னத் தொலைச்சிடுவாரு'ன்னு சொல்லிட்டாரு. நீ யார்கிட்டயும் சொல்லாத. எனக்கு வேல போயிடும்."

"பதினஞ்சு பேரு வயித்துல அடிக்கிற வேல."

"அப்போ நான் இன்னா பண்ணணும்? நானும் வந்து களத்துல கால இஸ்துகினு நடக்கட்டா? அதுக்கா படிக்க வெச்ச?"

கண்ணாயிரம் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "சும்மா இருங்க ரெண்டு பேரும். ஊருக்கு எதுக்குக் கேக்கணும்? சந்திரா, பொண்ணு அஞ்சு மாசமாதான் நாலு காசு பாக்குது. வாய மூடிகினு இரு."

சந்திரம்மா வாயை மூடிக்கொண்டாள். பத்து நாள். அந்தப் பத்து நாளில் இன்னும் மூன்று அரை நாள் விழுந்தது. கண்ணகியின் சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, டாக்டரிடம் போகக் காசில்லாமல் அவள் வீடு வீடாகக் கேட்டாள். சந்திரம்மா வீட்டுக்கு மட்டும் வரவில்லை. சந்திரம்மா தானாகக் கொண்டுபோய்க் கொடுத்த இருபது ரூபாயைக் கண்ணகி வாசலிலேயே விட்டெறிந்தாள்.

பதினோராம் நாள் களம் உண்டு. முன்னூறு மூட்டை பரப்பியாயிற்று. மதியம் மூன்று மணி இருக்கும். ஜெயக்குமார் செங்கல்பட்டுக்குப் பேங்க் வேலையாகப் போயிருந்தான். மேற்கே, ஏரிக்கு அந்தண்டை, வானம் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியது. இடி முழங்கிற்று. காற்று சட்டென்று நின்று, பிறகு மண் வாசனையோடு திரும்பி வீசியது. இதைப் படிக்கப் பட்டப்படிப்பு வேண்டாம், வானத்தைப் பார்த்தறியாத பட்டணத்துக்காரனுக்கும் புரியும்.

பெண்கள் பலகையோடு நின்று சந்திரம்மாவைப் பார்த்தார்கள். சங்கு ஊதவில்லை.

"அக்கா, இன்னா பண்றது?" என்றாள் ஒருத்தி.

சந்திரம்மா பலகையைக் கீழே போட்டாள். களத்து மேட்டில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "வந்து ஒக்காருங்க."

"மய கொட்டப் போவுதுக்கா."

"சங்கு ஊதாம கை வெக்கமாட்டோம்னு எல்லாரு முன்னாலயும் சொல்லிக்கீறேன். ஒக்காருங்கடி."

கண்ணகிதான் முதலில் வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் இரண்டு மாசத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது. மற்றவர்களும் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவியல்கார ஆண்கள் தொட்டியோரம் வாயைப் பிளந்து நின்றார்கள்.

ஆபீஸ் கதவு திறந்தது. ஸ்ரீதேவி படிக்கட்டில் வந்து நின்று மேற்கே பார்த்தாள், களத்தைப் பார்த்தாள்.

"ம்மா! இன்னா ஒக்காந்துகினு கீற? மூடும்மா!"

"சங்கு ஊதட்டும்."

"அது ஊதாதும்மா. கடக்கரைல வெயிலு. ஒனக்குத் தெரியும் இல்ல?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் வானம் பாக்கக் கூடாது. நீ ஊது. ஒங்கிட்ட பொத்தான் கீது இல்ல?"

"நான் கைல அழுத்துனா பதிவாயிடும்மா. ஏன் அழுத்துனன்னு பெரியவரு கேப்பாரு."

"கேக்கட்டும்."

"ம்மா, வெளயாடாத. முன்னூறு மூட்ட!"

"நானா வெளயாடறேன்?"

முதல் சொட்டு சந்திரம்மாவின் முழங்கையில் விழுந்தது. பெரிய சொட்டு. களத்தில் சூடான நெல்லின் மேல் அங்கங்கே கறுப்புப் புள்ளி விழுந்தது. மகள் படியிலும் தாய் மேட்டிலும். நடுவில் பொன்னாகப் பரந்து கிடந்தது நெல். அது யாரோ ஒரு குடியானவன் நாலு மாசம் தண்ணீர் கட்டி விளைவித்தது என்று சந்திரம்மாவுக்கு நினைவு வந்தது. கைகளை அக்குளில் இறுக்கிக்கொண்டாள். எழுந்திருக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்தாள். தன் மகள் என்ன ஆவாள் என்று தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தாள். அதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை.

ஸ்ரீதேவி உள்ளே ஓடினாள். சங்கு அலறிற்று.

"எய்ந்திருங்கடி!" என்று சந்திரம்மா கத்தினாள். பதினாறு பேரும் பாய்ந்தார்கள். பலகை, துடைப்பம், வெறுங்கை, புடவைத் தலைப்பு என்று எது கிடைத்ததோ அதில் அள்ளிக் குவித்தார்கள். மழை கொட்டியது. ஸ்ரீதேவியும் சுடிதாரோடு இறங்கி வந்து தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தாள். பாதி நெல் தப்பியது. மீதி களத்துத் தண்ணீரோடு மிதந்து வாய்க்காலில் இறங்கிற்று.

மழையில் சங்குச் சத்தம் கேட்டுப் பெரியவர் பக்தவத்சலம் குடையோடு வந்துவிட்டார். பின்னாலேயே செங்கல்பட்டிலிருந்து ஜெயக்குமாரும் வந்து சேர்ந்தான். மழை தூறலாக அடங்கியபோது பெண்கள் ஷெட்டுக்குள் நடுங்கிக்கொண்டு நின்றார்கள்.

"கண்ணு இல்லியா ஒங்களுக்கு? வேடிக்க பாத்துகினு ஒக்காந்து இருந்தீங்களாமே?" என்றார் பெரியவர்.

"கண்ணு கீது முதலாளி. உத்தரவு இல்ல" என்றாள் சந்திரம்மா.

ஜெயக்குமார் குறுக்கே புகுந்தான். "அப்பா, சிஸ்டத்த இந்தப் பொண்ணுதான் பாத்துக்குது. டப்பா ரிப்பேர்னு எங்கிட்ட சொல்லவே இல்ல. இன்னிக்குதான் தெரியும்."

ஸ்ரீதேவி தலையைக் குனிந்துகொண்டாள். துப்பட்டாவிலிருந்து தண்ணீர் சொட்டியது. பெரியவர் மகனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சந்திரம்மாவிடம் குரலைத் தாழ்த்தினார்.

"பத்தொம்போது வருஷமா கீற. ஒன்ன அனுப்ப மனசு வர்ல. பொண்ணு லேட்டா ஊதுச்சி, அதான் நனைஞ்சதுன்னு நீயே எல்லாரு முன்னாலயும் சொல்லிடு. அது சின்ன பொண்ணு, வேற எங்கனா பொழச்சிக்கும். நீ நாளைக்கு வந்துடு."

சந்திரம்மா குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்.

"டப்பாவ ஆடி மாசமே கொரங்கு ஒடச்சிருச்சி முதலாளி. அன்னிலேர்ந்து கடக்கரை மயயப் பாத்துதான் இங்க சங்கு ஊதுது. அங்க பேஞ்சா எங்களுக்கு அரை நாளு. சின்னவருக்குத் தெரியும். இவளுக்குத் தெரியும். பத்து நாளா எனக்கும் தெரியும்."

"பொய் சொல்றா" என்றான் ஜெயக்குமார். பெரியவர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாடிக் கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் சந்திரம்மாவுக்கு அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது.

"பத்து நாளா தெரியுமா?" கண்ணகி முன்னால் வந்தாள். "எம் புள்ள காச்சல்ல கெடந்தப்போ ஒனக்குத் தெரியும். தெரிஞ்சிகினே இருவது ரூவா தூக்கிகினு வந்தியா? மூதேவி, நீயெல்லாம் ஒரு பொம்பள!"

ஷெட்டில் ஒருத்திகூட அவள் பக்கத்தில் நிற்கவில்லை. எல்லோரும் விலகி நின்றார்கள். அவளுக்கும் ஸ்ரீதேவிக்கும் நடுவில்தான் இடைவெளி குறைவாக இருந்தது. அதுவும் நாலு முழம் இருக்கும்.

அன்றே தாய்க்கும் மகளுக்கும் வேலை போயிற்று. அரை நாள் விதியைப் பெரியவர் எடுத்துவிட்டார். பிடித்த கூலியையும் தீபாவளிக்கு முன் கொடுத்தார். ஜெயக்குமார் புது டப்பா வாங்கிக் குரங்கு ஏறாதபடி கம்பி வலை கட்டினான். கண்ணகி மேஸ்திரியானாள். கைப்பேசி அவள் இடுப்புக்குப் போயிற்று. கூலி திரும்பக் கிடைத்தது சந்திரம்மாவால்தான் என்று தெருவில் யாரும் சொல்லவில்லை. பத்து நாள் மறைத்தாள் என்பதைத்தான் சொன்னார்கள். ஒருவேளை இரண்டும் நிஜமாக இருந்ததால், வசதியானதை எடுத்துக்கொண்டார்கள் போலும்.

சந்திரம்மா ஏரிப் பாசனத்தில் நடவுக்குப் போனாள். நாற்பத்தாறு வயதில் சேற்றில் குனிவது புதிதாகப் பழக வேண்டியிருந்தது. உள்ளங்காலின் காய்ப்பு ஊறி உரிந்தது. ஸ்ரீதேவி இரண்டு மாசம் வீட்டில் கிடந்து, பிறகு செங்கல்பட்டில் ஒரு கூரியர் ஆபீசில் சேர்ந்தாள். மில்லில் வாங்கியதில் பாதிதான் சம்பளம். காலை ரயிலுக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்புவாள். தாயும் மகளும் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. சோறு போட்டாச்சு, விளக்கு அணைச்சாச்சு, அவ்வளவுதான்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கண்ணாயிரம் வெளியே போயிருந்தான். ஸ்ரீதேவி தட்டில் சோற்றைப் பிசைந்தபடி, தலை நிமிராமல் கேட்டாள்.

"அன்னிக்கு நான் ஊதாம வுட்டிருந்தா நீ எய்ந்திருப்பியா?"

சந்திரம்மா அகப்பையைக் குழம்பில் வைத்தபடி நின்றாள். பொய் சொல்ல ஒரு நிமிஷம் இருந்தது.

"மாட்டேன்."

"முன்னூறு மூட்டையும் போயிருக்கும்."

"போயிருக்கும்."

"எனக்கு இன்னா ஆவும்னு தெரிஞ்சும்?"

"தெரிஞ்சிதான்."

ஸ்ரீதேவி ஒரு வாய் சாப்பிட்டாள். நிதானமாக மென்றாள். "எனக்கும் தெரியும், நீ எய்ந்திருக்கமாட்டேன்னு. ஒம் மூஞ்சப் பாத்தேன். அதான் ஊதுனேன்."

சந்திரம்மா ஒரு கரண்டிக் குழம்பை மொண்டு மகளின் தட்டை நோக்கி நீட்டினாள். ஸ்ரீதேவி தட்டின் மேல் கையை வைத்து மறைத்தாள்.

"போதும்" என்றாள். ஆனால் எழுந்து போகவில்லை.